கோப்பு முறைமையில் நினைவகப் பிழைத் திருத்தம்

வட்டில் உள்ள பைட்டுகளைக் கோப்புகளாகக் காட்டும் நிரலில், ஒதுக்கிய எல்லையைத் தாண்டி எழுதுதல், விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடுதல் போன்ற பிழைகளைக் கண்டு களையும் பணியே நினைவகப் பிழைத் திருத்தம். லினக்ஸ் கர்னலின் கோப்பு முறைமைகள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழி எல்லைகளைத் தானாகச் சரிபார்ப்பதில்லை.

சிவிஇ-2022-0185 என்ற அடையாள எண் கொண்ட கர்னல் பிழை இதற்குத் தெளிவான சான்று. 2019இல் வெளியான கர்னல் 5.1 பதிப்பில் அது புகுந்தது. கோப்பு முறைமையை இணைக்கும்போது தரப்படும் விருப்பங்களைக் கர்னல் 4096 பைட் இடத்தில் வரிசையாகச் சேர்க்கும். மிச்ச இடத்தை அறிய, 4096இலிருந்து 2ஐயும் ஏற்கெனவே நிரம்பிய அளவையும் கழித்தது நிரல். நிரம்பியது 4095 ஆனால் விடை -1 ஆக வேண்டும். குறியில்லா எண்ணில் அது மாபெரும் எண்ணாக மாறியதால், புதிய விருப்பம் மிச்ச இடத்தில் அடங்குமா என்ற சோதனை பயனற்றுப் போயிற்று. அடுத்த எழுத்துகள் எல்லைக்கு வெளியே விழுந்தன. கன்டெய்னர் என்னும் தனிமைப்படுத்திய சூழலுக்குள் இருப்பவர் வெளியேறி முழுக் கணினியையும் கைப்பற்ற இது போதுமானதாக இருந்தது.

2022 ஜனவரியில் வந்த திருத்தம் அந்தச் சோதனையின் நிபந்தனையை மட்டுமே மாற்றியது: கழிப்பதற்குப் பதில், நிரம்பிய அளவு, புதிய விருப்பத்தின் அளவு, 2 ஆகியவற்றைக் கூட்டி 4096உடன் ஒப்பிட்டது. காரணத்தையே தொடும் இத்தகைய சிறு மாற்றமே சிறந்த திருத்தம்.

இப்பிழையை வெளிக்கொணர்ந்தது சிஸ்காலர் என்னும் தானியங்கிச் சோதனைக் கருவி. தவறான நினைவக அணுகலை நிகழும் இடத்திலேயே காட்டிக்கொடுப்பது காசான் என்னும் கர்னல் கருவி. ரஸ்ட் மொழி, நிரலைத் தொகுக்கும்போதே நினைவகப் பிழைகள் பலவற்றைத் தடுக்கும். ஆயினும் பழைய சி நிரல் இன்னும் பல ஆண்டுகள் இயங்கும். அதுவரை, நம்பகமற்ற வட்டுகளை மெய்நிகர் கணினிக்குள் மட்டுமே திறப்பது நல்லது.