வழிப்போக்கனின் வேட்டியை யார் வெளுத்தார்?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பழைய வண்டிப் பயணங்களைப் பற்றிப் பேசினால் வழிப்பறி பயம் வரும், மாட்டுக்குத் தண்ணீர் தேடிய கதை வரும். வண்டியில் போனவனின் வேட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கரிசல் புழுதி ஒரே ராத்திரியில் வெள்ளை வேட்டியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். விடிந்ததும் சந்தையில் கடன் பேசப் போகிற வியாபாரிக்கு அது சின்ன விஷயமில்லை. வறண்ட சீமை, தண்ணீர் இல்லை, அழுக்கோடுதான் போயிருப்பார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது பாதி விடையாகத்தான் படுகிறது. தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதைவிட, அது யாருடைய தண்ணீர், வெளுப்பவர் யாருடைய வண்ணார் என்பதே இங்கே வழிப்போக்கனின் துணியைத் தீர்மானித்தது.

வெளுப்புக்கு வேண்டிய சாமான்கள் இந்தச் சீமையில் குறைவில்லை. உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கியெடுத்து, வெள்ளாவிப் பானைமேல் சுற்றிச் சுற்றி அடுக்கி, இரவு முழுக்க அடியில் தீ எரிப்பார்கள். உவர்மண்ணிலுள்ள சோடா உப்பு ஆவியின் சூட்டில் வியர்வைப் பிசுக்கைக் கரைத்து விலக்கும். மறுநாள் கல்லில் அடித்து அலசி விரித்தால் மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். நல்ல தண்ணீருக்குத் தவிக்கிற நிலம் உவரையும் வெயிலையும் வாரிக் கொடுத்திருக்கிறது. ஆனால் வெள்ளாவி ஓரிடத்தில் குடியிருப்பவனுக்கான ஏற்பாடு. அன்று வண்ணாருக்குக் கூலி அறுப்புக் காலத்துத் தானியமும் அந்தி நேரத்துச் சோறும்தான். ஊரோடு கணக்கு இருந்தால்தான் துணி எடுப்பார். சேங்கொட்டைச் சாற்றில் அவர் இட்ட குறி எந்த வீட்டு வேட்டி என்று அவருக்குச் சொல்லும். அயலூர் வண்ணாருக்கு அது வெறும் கறுப்புப் புள்ளி. ஒரு பொழுது மட்டும் தங்குகிறவன் வேகவைத்த துணிக்காகக் காத்திருக்கவும் முடியாது.

ஆகவே அவனுக்கு மிஞ்சியது அலசல்தான். ஒற்றை வேட்டிக்காரன் ஒரு பாதியை இடுப்பில் சுற்றியபடியே மறுபாதியை நனைத்துப் பிழிந்து காற்றில் பிடிப்பான். அது காய்ந்ததும் மாற்றிச் சுற்றிக்கொண்டு அடுத்த பாதி. இங்கத்திய காற்றுக்கு வெகுநேரம் ஆகாது. ஆனால் எங்கே நனைப்பது? குடிநீருக்கான ஊருணியில் துணியைப் போட யாரையும் விடமாட்டார்கள். கண்மாய் கோடைக்கு முன்பே சேறாகிவிடும். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டலாம், ஆறு பக்கத்தில் இருந்தால். மற்றபடி கிணறுதான்; கிணற்றுக்கோ சாதி இருந்தது.

நாடார் வணிகர்களின் பேட்டைகளை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட ஆய்வு நூல், அருப்புக்கோட்டையும் பாலையம்பட்டியும் உட்பட இராமநாதபுரத்து ஆறு நகரங்களில் இவ்வணிகர் வளர்ந்த கதையை விரிவாகச் சொல்கிறது. பேட்டை என்பது வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக நிற்க அடைப்புப் போட்ட இடம். தங்கிப் போகிறவர்களிடமும் சரக்கின்மீதும் வாங்கிய மகமை என்ற பொதுநிதியில் பொதுக் காரியங்கள் நடந்தன. பேட்டையைப் பெரும்பாலும் சரக்கின் பாதுகாப்பாகவே பார்க்கிறார்கள். என் கணிப்பில் அது உடம்புக்கும் உடுப்புக்குமான ஏற்பாடும்கூட: யாரையும் கெஞ்சாமல் குளித்து, துவைத்து, உலர்ந்த வேட்டியோடு கடைத்தெருவுக்குப் போக ஓர் இடம்.

பணம் இருந்தால் எந்த ஊரிலும் தண்ணீர் கிடைத்திருக்காதா என்று கேட்கலாம். கமுதி வழக்கு அதற்குப் பதில் சொல்கிறது. 1897-இல் அங்கே கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மீது இராமநாதபுரம் ஜமீன்தாரான சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1908-இல் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. காசு கையில் இருந்தவர்களுக்கே கோயில் வாசல் அப்படி அடைபட்டது என்றால், ஊர்க்கிணற்று வாளி மட்டும் தாராளமாக நீட்டப்பட்டிருக்கும் என்று நம்புவது கடினம்.

துணியைக் குறைத்துக்கொண்டால் தொல்லையே இல்லை என்பதும் ஒரு வாதம். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமணர், அதைச் செய்து காட்டியவர். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்ததும் வேட்டியைக் கிழித்துக் கோவணம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்தார். துறவிக்கு அது மதிப்பு. பருத்தி விலை பேசப் போகிறவன் கோவணத்தோடு நின்றால் கடன் கிடைக்காது.

சவுக்காரம் வந்ததும் எல்லோருக்கும் வழி பிறந்தது என்பதையும் நான் முழுசாக ஏற்கவில்லை. உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காமல் திரிந்து, துணியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதைவிட முக்கியமானது, சுத்தமான துணியே குற்றமான காலமும் உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டையோ பனியனோ கூடாது. செருப்பும் குடையும் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. தண்ணீரும் சவுக்காரமும் இருந்து, அவர்களில் ஒருவர் வெளுத்த சட்டையோடு ஊருக்குள் வந்திருந்தால் அடிதான் விழுந்திருக்கும். பயணம் சுருங்கியதும் இதைத் தீர்க்கவில்லை. 1876-இலேயே ரயில் வந்துவிட்ட விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குத் தண்டவாளம் நீள 1963 ஆனது. அதற்குள் பேருந்து வந்து, இரண்டு நாள் வண்டிப் பயணத்தை ஒரு பகலாக்கியிருந்தது. வழியில் துவைக்கும் அவசியமே பலருக்கு இல்லாமல் போயிற்று. ஆனால் தெருவில் சட்டையோடு நடக்கும் உரிமைக்கு அந்தப் பேருந்து டிக்கெட் போதவில்லை.