மாவில்லாத ரொட்டி: வாதுமை தந்த மாற்றுணவின் வரலாறு

மனிதன் உண்ணும் உணவு அவன் வயிற்றை நிரப்புவதோடு நின்றுவிடுவதில்லை. மொழியிலும் வழிபாட்டிலும் புகுந்து வேரூன்றி விடுகிறது. 'சோற்றுக்கு வழியில்லை' என்று தமிழர் கூறினால், வாழ்வுக்கே வழியில்லை என்பது பொருள். மேலைநாட்டார்க்கு அவ்விடத்தில் நிற்பது கோதுமை ரொட்டி. கிறித்தவர் தம் நாள்வழிபாட்டில் இறைவனிடம் வேண்டுவதும் அன்றன்றைக்குரிய அப்பத்தையே. அத்தகைய மக்களிடம் ஒரு மருத்துவர், "இனி நீர் ரொட்டியைத் தொடலாகாது" என்று விதித்தால் அவர்கள் நிலை என்னாகும்? சோறுண்டு வளர்ந்தவனிடம் சோற்றை விலக்கச் சொன்னால் எவ்வாறிருக்குமோ அவ்வாறே இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிழிவு நோயாளர் பலர் இத்தகைய விதியை ஏற்று வாழ நேர்ந்தது. அவர்தம் துயரைச் சிறிதேனும் தணிக்க முன்வந்த பொருள்களுள் ஒன்று வாதுமைப் பருப்பு. வாதுமையை அரைத்து மாவாக்கி, கோதுமை சேராமல் ரொட்டியும் கேக்கும் சுடும் வழக்கம் அண்மையில் தோன்றிய நாகரிகம் என்று இன்று பலர் எண்ணுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. அதன் வேர் மிகப் பழமையானது. அதன் கிளைகளுள் ஒன்று கண்ணீரால் நனைந்தது.

கசப்பிலிருந்து இனிப்பு

வாதுமை மரம் மேற்காசியா, நடு ஆசியா ஆகிய நிலப்பகுதிகளுக்கு உரியது. காட்டு வாதுமையின் பருப்புக் கசப்பானது, நஞ்சுடையதுங்கூட. அதில் அமிக்டலின் என்னும் பொருள் உண்டு. பருப்பை மெல்லும்போதோ இடிக்கும்போதோ அப்பொருள் சிதைந்து கொடிய சயனைடு நஞ்சை வெளிப்படுத்தும். இப்பொருளை 1830-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். இயற்கையில் நேர்ந்த ஒரு மாறுதலால் சில மரங்கள் கசப்பில்லாத பருப்பை ஈன்றன. பழங்கால மக்கள் அம்மரங்களைத் தேர்ந்து பேணியதன் பயனே இன்றைய இனிப்பு வாதுமை.

யாக்கோபு எகிப்து நாட்டு அதிகாரிக்குக் காணிக்கையாக அனுப்பிய பொருள்களுள் வாதுமையும் ஒன்றென விவிலியத்தின் தொடக்க நூல் குறிக்கிறது. எகிப்திய மன்னன் தூத்தன்காமனின் கல்லறையை 1922-இல் திறந்தபோது, அவனுடன் வைக்கப்பட்ட உணவுப் பொருள்களிடையே வாதுமையும் காணப்பட்டது.

பாரசீகர் இதனைப் 'பாதாம்' என்பர். தமிழில் வழங்கும் 'வாதுமை' அச்சொல்லோடு உறவுடையது. மலாய் மொழியிலும் 'பாடாம்' என்றே வழங்குகிறது. மலாயாக் கடற்கரைகளில் நிழல் பரப்பி நிற்கும் 'கெத்தாப்பாங்' மரத்தையும் தமிழர் 'நாட்டு வாதுமை' என்பர். அது முற்றிலும் வேறு இனம். பருப்பின் வடிவும் சுவையும் சிறிது ஒத்திருத்தலால் பெயர் ஒட்டிக்கொண்டது. மாணவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதவாறு ஆசிரியர் விளக்குதல் நலம்.

நோன்பும் சமயமும்

பக்தாது நகரில் கலீபாக்கள் ஆண்ட காலத்தில், அரைத்த வாதுமையும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த 'லவுசீனச்சு' என்னும் பண்டம் பெருஞ்சிறப்புற்றிருந்தது. கி. பி. பத்தாம் நூற்றாண்டிலும், 1226-இலும் எழுந்த அரபுச் சமையல் நூல்கள் அதன் செய்முறையைக் கூறுகின்றன. அரபு மக்கள் வழியாகவே இத்தகைய இனிப்புகள் தென் ஐரோப்பாவில் பரவின.

ஐரோப்பாவிலோ வாதுமைக்கு வேறொரு பணி காத்திருந்தது. இடைக்காலக் கிறித்தவர் தவக்காலத்தில் இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டை ஆகியவற்றையும் விலக்கினர். அந்நாள்களில் வாதுமையை அரைத்து நீர் கலந்து பிழிந்த பாலே பசும்பாலுக்கு ஈடாயிற்று. குழம்பைக் கெட்டியாக்குவதற்கும் அரைத்த வாதுமையே உதவிற்று. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர் 1390-ஆம் ஆண்டளவில் தொகுத்த நூலில் வாதுமைப் பால் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம்.

யூதர்கள் பாஸ்கா விழா நாள்களில் புளித்த மாவை வீட்டிலேயே வைத்திருக்கலாகாது. ஆகவே அரைத்த வாதுமையும் முட்டையும் கொண்டு கேக் செய்யும் வழக்கம் அவர்களிடையே தழைத்தது. ஸ்பெயின் நாட்டுக் கலீசியாப் பகுதியில் யாத்திரிகர் விரும்பி உண்ணும் சந்தியாகோ கேக்கிலும் கோதுமை மாவு இல்லை. வாதுமை, முட்டை, சர்க்கரை ஆகியவையே அதன் உறுப்புகள். எனவே, மாவின்றிப் பண்டம் சுடும் கலை நோயாளிக்கென்று பிறந்ததன்று. நோன்பிலும் விழாவிலும் வளர்ந்த கலையையே பிற்கால மருத்துவம் எடுத்து ஆண்டது.

இனிப்புநீரும் மருத்துவரும்

நீரிழிவு நோயாளியின் சிறுநீர் இனிக்கும் என்பதை இந்திய மருத்துவர் பண்டே அறிந்து 'மதுமேகம்' எனப் பெயரிட்டனர். அவ்வினிப்புச் சர்க்கரையால் ஆனதே என்பதை 1776-இல் மாத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் நிறுவினார். அதன்பின், சர்க்கரையாக மாறும் உணவைக் குறைத்தால் நோய் தணியுமன்றோ என்ற எண்ணம் எழுந்தது. பீரங்கிப் படையின் மருத்துவரான ஜான் ரோல்லோ, மெரிடித் என்னும் படைத்தலைவர்க்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவை விதித்துப் பயன் கண்டு, 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். ஆயினும் நாள்தோறும் இறைச்சியையே உண்டு சலித்த நோயாளர், மறைவாக ரொட்டியைத் தேடினர். மருத்துவர்களுக்கு இதுவே தீராத இடராயிற்று.

பிரெஞ்சு நாட்டு அறிஞர் புசார்தா (1806-1886) இவ்விடரை நேரே எதிர்கொண்டவர். கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவினால் மாப்பொருள் கரைந்தோடும். குளூட்டன் என்னும் பசைப்பொருள் மட்டும் எஞ்சும். அந்தக் குளூட்டனைக் கொண்டு ரொட்டி சுட்டு நோயாளர்க்கு வழங்கினார் அவர். 1870-71-இல் பிரஷ்யப் படை பாரிசு நகரை முற்றுகையிட்டுப் பஞ்சம் வந்தபோது, நோயாளர் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததையும் அவர் உற்று நோக்கினார். உணவின் அளவே நோயின் போக்கை மாற்றும் என்பதற்கு அஃதோர் அரிய சான்றாயிற்று. ஆனால் குளூட்டன் ரொட்டி இரப்பர்போல் மெல்லுதற்கு அரிதாயிருந்தது. அதில் மாப்பொருளும் முற்றிலும் நீங்கவில்லை.

இந்நிலையில், இலண்டன் கய்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பேவி வாதுமை உணவை நோயாளர்க்குப் பரிந்துரைத்தார். கார்ல்சுபாடு என்னும் நீருற்று நகரில் பணியாற்றிய டாக்டர் சீகன் பெயராலும் ஒரு வாதுமை ரொட்டி வழங்கிற்று. அதன் செய்முறை வருமாறு: தோல் நீக்கிய கால் இராத்தல் வாதுமையைக் கல்லுரலில் இட்டு, முக்கால் மணி நேரம் வரை மிக மென்மையாக இடிக்க வேண்டும். அம்மாவைத் துணிப்பையில் கட்டி, சில துளி வினிகர் விட்ட கொதிநீரில் ஒரு மணி நேரத்திற்கு மேல் அமிழ்த்தி வைக்க வேண்டும். வாதுமையில் இயல்பாயுள்ள சிறிதளவு சர்க்கரையும் நீங்குதற்கே இம்முறை. பின்னர் வெண்ணெயும் முட்டையும் உப்பும் சேர்த்து நெடுநேரம் கலக்கி, நுரைக்க அடித்த முட்டை வெண்கருவைக் கூட்டி, இளந்தீயில் சுட வேண்டும். ஒரு துண்டு ரொட்டிக்காக ஒரு வீட்டார் பட்ட பாட்டை இச்செய்முறையே எடுத்துரைக்கும்.

இதே காலத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. இலண்டனில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர் 202 இராத்தல் எடையோடு அல்லலுற்றார். அவரை 1862-இல் நோக்கிய டாக்டர் ஹார்வி ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை விலக்கச் சொன்னார். ஓராண்டில் ஏறக்குறைய 46 இராத்தல் குறைந்த பாண்டிங், தம் பட்டறிவை 1863-இல் சிறு நூலாக்கினார். அந்நூல் நாடெங்கும் பரவி, அவர் பெயரே உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. மாப்பொருளைக் குறைக்கும் உணவு இவ்வாறு நோயாளரைக் கடந்து பொதுமக்களிடம் சென்றது.

உணவின் எல்லை

எனினும் வாதுமை ரொட்டியால் எல்லா உயிரையும் காக்க இயலவில்லை. முதியோர் பலர் உணவுக் கட்டுப்பாட்டால் ஆண்டுகள் பல வாழ்ந்தனர். குழந்தைகள் நிலையோ வேறு. அவர்கள் உடலில் இன்சுலின் சுரப்பே அற்றுப் போவதால், எவ்வுணவைத் தந்தாலும் நோய் முற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஆலன் பட்டினி முறையைக் கையாண்டார். காய்கறியைக்கூட மூன்று முறை நீர் மாற்றி வேகவைத்துச் சத்து நீக்கித் தந்தனர். பசியால் எலும்பும் தோலுமான பிள்ளைகளின் நாள்கள் சிறிது நீண்டன; அவ்வளவே. பிள்ளை பசித்து அழவும் உணவை மறைத்து வைத்த தாயரின் துன்பம் சொல்லுந்தரத்ததன்று.

1921-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பிரெடரிக் பாண்டிங், சார்லசு பெஸ்டு ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்தனர். 1922 சனவரி 11-ஆம் நாள் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து முதன்முறையாக ஊசி வழியே செலுத்தப்பட்டது. காலிப் என்பார் அதனைத் தூய்மை செய்தபின், அம்மாதம் 23-ஆம் நாள் தொடங்கிய ஊசிகள் நல்ல பயன் அளித்தன. அன்றுமுதல் வாதுமை ரொட்டியின் தேவை குறைந்தது. அதனைச் சுட்ட வீடுகளும் அதனை மறந்தன.

மீண்டும் வந்த வாதுமை

மறந்த வாதுமையை மீட்டவற்றுள் ஒன்று வேறொரு நோய். குழந்தைகள் உண்டும் உடல் தேறாது வயிற்றுப்போக்கால் மெலியும் சீலியாக் நோய்க்குக் காரணம் நெடுங்காலம் தெரியவில்லை. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே, 1944-45-ஆம் ஆண்டுப் பஞ்சகாலத்தில் ரொட்டி கிடையாதபோது இந்நோயாளர் தேறியதையும், ரொட்டி வந்ததும் மீண்டும் நோயுற்றதையும் சான்றாகக் கொண்டு, கோதுமையே குற்றவாளி என 1950-இல் நிறுவினார். கோதுமையுள்ளும் கேடு செய்தது குளூட்டனே என்பது பின்னர் தெளிவாயிற்று. புசார்தா நீரிழிவாளர்க்கு விரும்பி அளித்த அதே பசைப்பொருள், இக்குழந்தைகளுக்கு நஞ்சாயிருந்தது! வாதுமையில் குளூட்டனும் இல்லை. மாப்பொருளும் மிகச் சிறிதே. ஆகவே இருதிறத்தார்க்கும் அது துணையாயிற்று.

1972-இல் அமெரிக்க மருத்துவர் அட்கின்சு வெளியிட்ட நூல், மாப்பொருளைக் குறைத்துண்ணும் முறையை மீண்டும் பரப்பிற்று. 1987-இல் எலேன் காட்சால் என்னும் பெண்மணி, குடற்புண்ணால் வருந்திய தம் மகளுக்குப் பயன்பட்ட உணவு முறையை நூலாக எழுதினார். அதில் பருப்பு மாவு கோதுமைக்கு மாற்றாக இடம்பெற்றது. கலிபோர்னியாவின் பரந்த தோட்டங்கள் உலக வாதுமை விளைச்சலில் பெரும்பகுதியை அளிப்பதால், கல்லுரலில் முக்கால் மணி இடித்த மாவு இன்று பையிலிட்டுக் கடையில் கிடைக்கிறது.

மாவின் இயல்பு

நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து உண்டு. அதே அளவு வாதுமை மாவில் ஏறக்குறைய 20 கிராமே. அதிலும் பாதிக்கு மேல் செரியாத நார். புரதம் 20 கிராமுக்கு மேல். கொழுப்போ 50 கிராம் அளவு. இதனால் வாதுமை மாவு கோதுமை மாவைவிட மிகுந்த ஆற்றல் தருவது. இனிப்பில்லை என்று கருதி அளவின்றி உண்பார்க்கு எடை குறையாது.

கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் வலைபோல் பின்னிக் காற்றைச் சிறைப்படுத்தும். அதனால் ரொட்டி உப்பும். வாதுமை மாவில் அவ்வலை இல்லை. அவ்வேலையைச் செய்வது முட்டையே. வெண்கருவைத் தனியே நுரைக்க அடிப்பதன் காரணம் இது. எண்ணெய் இயல்பாகவே இருத்தலால் வெண்ணெய் குறைவாகப் போதும். விரைவில் கருகும் ஆதலின் தீ தணிந்திருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் சீகன் பெயரால் வழங்கிய அப்பழைய செய்முறை அறிந்தே வகுத்திருப்பது வியப்புக்குரியது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. வாதுமை ரொட்டி நோயைத் தீர்த்த மருந்தன்று. இன்சுலின் தேவைப்படுவோர் அதனை நிறுத்திவிட்டு வாதுமையை நம்புவது, 1922-க்கு முற்பட்ட துயர நாள்களைத் தாமே வலிந்து அழைப்பதாகும். ஆயினும், மருந்து கிடையாத காலத்தில், விலக்கப்பட்டவனும் மற்றவரோடு ஒரே மேசையில் அமர்ந்து 'ரொட்டி' என்று சொல்லி ஒரு துண்டைக் கையிலெடுக்க அது வழி செய்தது. நோயாளியை உயிரோடு வைத்திருப்பதோடு அவனை உறவோடும் வைத்திருக்க முயன்ற அம்மருத்துவர்களின் அருளும், உரலடியில் அமர்ந்து இடித்த பெயர் தெரியாத பெண்டிரின் உழைப்பும் நினைவிற் கொள்ளத் தக்கன.