கேரளப் பள்ளிக் கலோத்சவம்

கேரளப் பள்ளிக் கலோத்சவம்: கேரளப் பொதுக்கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் கலைப்போட்டி. 1957ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் தொடங்கியது. நெடுங்காலம் ‘யுவஜனோத்சவம்’ என அறியப்பட்டது.

அமைப்பு: பள்ளி, உபமாவட்டம், மாவட்டம் ஆகிய படிகளில் வென்றோர் மாநில மேடை ஏறுவர். மாநில அளவில் உயர்நிலை, மேல்நிலை மாணவர்கள் தனித்தனிப் பிரிவுகளில் போட்டியிடுவர்.

நாடகம்: நாடகப் போட்டியுடன் ஓராள் நடிப்பு, மூகாபிநயம், கூடியாட்டம், சவிட்டுநாடகம் ஆகியவையும் உண்டு.

இசை: வாய்ப்பாட்டு, கதகளிப்பாட்டு, மாப்பிளப்பாட்டு, வயலின், மிருதங்கம், செண்டை முதலியன இடம்பெறும்.

பரிசுகள்: மாணவர் பெறும் தரநிலை மாவட்டத்துக்குப் புள்ளிகளாகச் சேரும். முதலிடம் பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை சுழற்கோப்பையாக வழங்கப்படுகிறது. 1986இல் தொடங்கிய கலாபிரதிபா (மாணவர்), கலாதிலகம் (மாணவியர்) பட்டங்கள் தனிநபர் போட்டி மிகுந்ததால் பின்னர் கைவிடப்பட்டன.

குறிப்பிடத்தக்கோர்: 1958இல் கே. ஜே. யேசுதாஸ் வாய்ப்பாட்டிலும் பி. ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் வென்றனர். இருவரும் பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பாடகர்களாயினர். நடிகர் வினீத் கலாபிரதிபா பட்டத்தையும், நடிகை மஞ்சு வாரியர் கலாதிலகம் பட்டத்தையும் பெற்றவர்கள்.