விளக்கெண்ணெய் உறைந்த சிலிண்டர்கள்

உள்ளங்கையில் அடங்கும் பழைய மாதிரி விமான எஞ்சினைப் பிரிக்கும் முன், அது எந்த எரிபொருளில் ஓடியது என்பதை அறிந்தாக வேண்டும். பெட்ரோல் ஒரு வகை அழுக்கை விட்டுச் செல்லும். ஈதர் கலவையும் மெத்தனாலும் விடும் அழுக்கு வேறு. 1930களுக்கும் 1950களுக்கும் இடையில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தன. எஞ்சினைப் பேணும் கைவேலையும் அவற்றோடு சேர்ந்தே மாறியது.

முதலில் வந்தது பெட்ரோல். 1914இல் இங்கிலாந்தின் டேவிட் ஸ்டேஞ்சர் பறக்கவிட்ட பெட்ரோல் மாதிரி விமானம் 51 விநாடிகள் பறந்தது. அந்தச் சாதனை 1932 வரை முறியடிக்கப்படவில்லை. காரணம் எடைதான். பேட்டரி, காயில், கண்டென்சர், தீப்பொறி பிளக் எல்லாவற்றையும் எஞ்சினோடு சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பில் பிரௌன் என்ற இளைஞர் சிறியதும் நம்பகமானதுமான ஓர் எஞ்சினைச் செய்தார். அதைப் பொருத்திய விமானங்களோடு 1933இல் அமெரிக்க தேசியப் போட்டிக்கு வந்த மேக்ஸ்வெல் பாசெட், ரப்பர் முறுக்கில் பறந்த விமானங்களை எளிதாக முந்தினார். இரண்டையும் ஒன்றாக மோதவிட முடியாது என்பது அப்போதே தெளிவாயிற்று. சுமார் 10 சிசி கொண்ட பிரௌன் ஜூனியர் விரைவில் விற்பனைக்கு வந்தது.

இந்த எஞ்சின்கள் பெட்ரோலுடன் கெட்டியான மினரல் ஆயில் கலந்து ஓடின. அந்த எண்ணெய் எளிதில் பிசினாவதில்லை என்பதால் உள்பாகங்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. பழுது மின்சுற்றில்தான் வரும்: தேய்ந்த பாயிண்ட், உதிரும் வயர் உறை, செத்துப்போன கண்டென்சர். பாயிண்டுகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து இடைவெளியைச் சரிசெய்வதே பாதி வேலை. பின்னாளில் தீப்பொறியே தேவைப்படாத குளோ பிளக் வந்ததும், எடை குறையட்டும் என்று பலர் பாயிண்டுகள் அடங்கிய டைமரையே கழற்றி எறிந்துவிட்டார்கள். அன்று அது நியாயமாகத் தோன்றியிருக்கும். இன்று அசல் டைமரோடு கிடைக்கும் எஞ்சினுக்குத் தனி மதிப்பு இருப்பது அதனால்தான்.

மின்சாரமே இல்லாமல் ஓடும் வழி சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 1940களின் தொடக்கத்தில் அங்கே விற்பனையான டைனோ எஞ்சினில், சிலிண்டரின் உச்சியில் எதிர்ப்பிஸ்டன் ஒன்று உட்கார்ந்திருந்தது. மேலேயுள்ள திருகைக் கையால் முறுக்கினால் அது கீழிறங்கி அழுத்தத்தைக் கூட்டும். ஈதர் கலந்த எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். போர் முடிந்ததும் இந்த முறையை மிகுந்த ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்று பிரிட்டன். மில்ஸ் 1.3 சிசி எஞ்சின் 1946இல் வந்தது; இ.டி., ஃபிராக், எல்ஃபின் முதலிய பெயர்கள் தொடர்ந்தன. மில்ஸின் நகல்கள் பிற்காலத்தில் இந்தியாவிலும் செய்யப்பட்டன.

இவற்றின் உயிர் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. பிஸ்டனில் ரிங் கிடையாது. வார்ப்பிரும்புப் பிஸ்டனையும் எஃகுச் சிலிண்டரையும் உராய்வுப் பசை தடவித் தேய்த்துத் தேய்த்து, எண்ணெய்ப் படலம் மட்டும் நுழையும் அளவுக்கு இணை சேர்த்தார்கள். ஓட ஓட அந்த இணை ஒன்றுக்கொன்று இன்னும் பழகும். அதனால்தான், தேவையின்றிப் பிரிக்க வேண்டாம் என்று எஞ்சினோடு வந்த குறிப்புத்தாள்கள் எச்சரித்தன. நல்ல அறிவுரை அது. இன்று கைக்கு வரும் பழைய எஞ்சின்களில் காணும் காயங்களில் பெரும்பகுதி பறந்ததால் வந்தவை அல்ல. குறடும் ஸ்க்ரூ டிரைவரும் போட்டவை.

ஆயினும் பிரிக்காமல் முடியாத நிலையை உண்டாக்குவது விளக்கெண்ணெய். டீசல் என்று அழைக்கப்பட்ட இந்த அழுத்த எஞ்சின்களின் கலவையில் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சம பங்கு. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் தாமாகச் சேராது; நடுவில் நின்று இணைப்பது ஈதர். ஓட்டி முடித்ததும் முதலில் பறந்துபோவதும் ஈதர்தான். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு நீங்காத குணத்துக்காக முதல் உலகப்போர்க் கால விமானங்களின் சுழல் எஞ்சின்களும் விளக்கெண்ணெயை நம்பின. ஆனால் எஞ்சினுக்குள் தங்கி ஆண்டுக்கணக்கில் காற்றுப்பட்டால் அது வார்னிஷ்போல இறுகிவிடும். விசிறி அசையாது; எதிர்ப்பிஸ்டனும் ஒட்டிக்கொள்ளும்.

அந்நிலையில் விசிறியைப் பிடித்துப் பலமாகத் திருப்பினால் கனெக்டிங் ராட் வளையும், இல்லையேல் ஒடியும். சரியான வழி சூடு. பிளாஸ்டிக் பாகங்களை அகற்றி, உள்ளே எரிபொருள் மிச்சமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சூடான காற்றால் மெதுவாகச் சூடேற்றினால் பிசின் இளகும். இளகியதும் மெல்லிய எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். விளக்கெண்ணெய் மெத்தனாலில் கரையும், மண்ணெண்ணெயில் அவ்வளவாகக் கரையாது. மண்ணெண்ணெயில் நாள்கணக்காக ஊறவைத்தும் பலன் கிடைக்காமல் போவதற்கு இதுவே விளக்கம். வெளிப்புறத்தில் பழுப்பாக ஏறிய கறைக்கு, ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் இளஞ்சூட்டில் பல மணிநேரம் வைப்பதைச் சேகரிப்பாளர்கள் கைக்கொள்கிறார்கள். அது நஞ்சு, அந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்கு ஆகாது.

பிரிக்கும்போதும் சூடுதான் உதவுகிறது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், கிராங்க்கேஸைச் சூடாக்கினால் உள்ளே இறுகிய லைனர் கையோடு வரும். வராததைத் தட்ட வேண்டுமானால் மரக்குச்சியால் தட்ட வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துவைப்பது மிக முக்கியம்: பழகிய பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் அழுத்தம் குறைந்துவிடும். பிரிட்டிஷ் எஞ்சின்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவு மரை வழக்கம், கிடைத்த மெட்ரிக் ஸ்க்ரூவைத் திணித்தால் அலுமினிய மரை உரிந்துபோகும்.

மூன்றாவது மாற்றம் 1947இல் அமெரிக்காவின் ரே ஆர்டென் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக். அதன் பிளாட்டினக் கம்பிச் சுருளைத் தொடங்கும்போது மட்டும் பேட்டரியால் சூடாக்கினால் போதும். பிறகு மெத்தனாலோடு பிளாட்டினம் வினையூக்கியாகச் சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும். கலிஃபோர்னியாவில் லிராய் காக்ஸ் நிறுவிய தொழிற்சாலை இதைச் சிறுவர்கள் கைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1956இல் வந்த அதன் பேப் பீ எஞ்சின் 0.049 கன அங்குலம், அதாவது 0.8 சிசிதான். அதன் சிலிண்டரைக் குளிர்விப்புத் தகடுகளோடு சேர்த்து ஒரே எஃகுத் துண்டில் கடைந்தார்கள். பிளக்கும் தலையும் ஒன்றாகவே இருந்தன. கம்பி எரிந்துபோனால் தலையையே மாற்ற வேண்டும்.

காக்ஸ் எஞ்சினின் சிலிண்டர் திருகிப் பொருத்தப்பட்டது. அதைக் கழற்ற உரிய ஸ்பேனர் உண்டு. அது இல்லாதவர்கள் புகைவாயிலில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பியதால், மெல்லிய சுவர் வளைந்தும் பிஸ்டன் கீறியும் பாழான எஞ்சின்கள் மிகப் பல. கனெக்டிங் ராடின் குண்டுமுனை பிஸ்டனில் உள்ள குழிக்குள் சுழலும். நாளாக ஆக அது தளரும். அதைத் திரும்ப இறுக்கும் சிறு கருவியும் விற்பனையில் இருந்தது. பின்புறம் எரிபொருளை உள்ளே விடும் நாக்கு வால்வு மிக மெல்லியது. ஒரு துணி இழை சிக்கினாலே எஞ்சின் கிளம்பாது.

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓட்டி முடித்தபின் மிச்சத்தை அப்படியே விட்டால் பேரிங் துருப்பிடிக்கும். எனவே தொட்டியைக் காலிசெய்து, சில துளி மெல்லிய மினரல் ஆயில் விட்டு, விசிறியைப் பலமுறை சுற்றி வைக்கிறார்கள். பிஸ்டன் தேய்ந்து அழுத்தம் போய்விட்டால், லேத்தில் புதுப் பிஸ்டன் கடைந்து அந்தச் சிலிண்டரிலேயே தேய்த்து இணை சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த எஞ்சின் உடனே விமானத்தில் ஏறுவதில்லை. மேசையில் பொருத்தி, எண்ணெய் கூடிய கலவையில் ஓரிரு நிமிடம் ஓட்டி, முழுதும் ஆறவிட்டு, மீண்டும் ஓட்டி, சூடேறிய பிறகும் வேகம் குறையாமல் ஓடும் வரை அதைப் பழக்குகிறார்கள்.