பர்ஸ்டன் ஊர்த் திடலில் ஒரு பள்ளிக்கூடம்

இங்கிலாந்து என்றதும் நம் மனக்கண் முன் வருவது லண்டன் மாநகரமும், அரண்மனையும், தேம்ஸ் நதிக்கரையின் மணிக்கூண்டுமே. தோட்டத்துத் துரைமார்கள் சிலர் அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால், அங்குள்ளவர் எல்லாருமே துரைகள்தாம் என்று நம் பெரியவர்கள் எண்ணியதும் உண்டு. அந்த நாட்டிலும் விடியுமுன் எழுந்து, பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் கொடுத்த வீட்டில் குடியிருந்த மக்கள் இலட்சக்கணக்கில் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் ஊர் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஊரின் பெயர் பர்ஸ்டன். இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தில், டிஸ் என்னும் சிறு பட்டணத்துக்கு அருகில் இருக்கிறது.

ஆங்கிலேயச் சிற்றூர்கள் பலவற்றின் நடுவில் ஒரு புல்வெளித் திடல் இருக்கும். அது ஊருக்குப் பொது. நம் தோட்டத்தில் பிரட்டுக்களமும் கோயில் திடலும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியோ, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடுவதும், கோடைகாலத்தில் விழா எடுப்பதும், ஊர்க் கூட்டம் போடுவதும் அங்கேதான். பர்ஸ்டனிலும் அப்படி ஒரு திடல், தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1980களிலிருந்து ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடலில் பெருங்கூட்டம் கூடி வருகிறது. தொழிற்சங்கத்தார் கொடிகளுடன் வருவார்கள். பேச்சு, பாட்டு, உணவுக் கடைகள் எல்லாம் உண்டு. பிறகு அனைவரும் ஊரைச் சுற்றி ஊர்வலமாக நடப்பார்கள். அந்தச் சுற்றுப் பாதைக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் 'மெழுகுவத்தித் தண்டு'. பாதையின் வடிவத்தால் வந்த பெயர்.

அந்தப் பாதையில் முதன்முதலாகக் கொடி பிடித்து நடந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அது 1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி.

அக்காலத்து ஊர் அமைப்பை அறிந்தால்தான் இது விளங்கும். பண்ணைத் தொழிலாளியின் வீடு பெரும்பாலும் பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். இதை நம் தோட்ட மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நார்ஃபோக் பண்ணைகளில் 1914க்கு முன் வாரத்துக்கு 15 ஷில்லிங் கூலி கிடைப்பதே அரிது. ஊர்ப் பாதிரியாருக்கோ ஆண்டு வருமானம் ஐந்நூறு பவுனுக்கு மேல். அதாவது, ஒரு தொழிலாளியின் ஆண்டுக் கூலியைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம். அவருக்குத் தேவாலய நிலமும் இருந்தது. அதைச் சிறு குடியானவர்களுக்கு அவர் குத்தகைக்கு விட்டிருந்தார். பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை உபதேசம் செய்பவர், நிலத்துக்குக் குத்தகை வாங்குபவர், பிள்ளைகளின் ஆசிரியரை மேற்பார்வையிடுபவர் ஆகிய மூவரும் ஒரே மனிதராக இருந்தால், ஏழை எங்கே போய்த் தன் குறையைச் சொல்வான்?

ஆயினும் காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1884இல் நாட்டுப்புறத் தொழிலாளருக்குப் பாராளுமன்ற வாக்குரிமை கிடைத்தது. 1894இல் வந்த சட்டம் சிற்றூர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்ச் சபைகளை ஏற்படுத்தியது. அதுவரை தேவாலயக் குழுவின் கையில் இருந்த ஊர்க் காரியங்கள் இப்பொழுது வாக்குப் பெற்றவர் கைக்கு வந்தன. எழுத்தளவில் அப்படி. நடைமுறையில், ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கை தூக்கித்தான் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கூலி கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவருக்கு எதிராகக் கை தூக்குவது எளிய காரியமா? ஆகவே பல ஊர்களில் பழைய பெரிய மனிதர்களே சபையிலும் தொடர்ந்து அமர்ந்திருந்தார்கள். 1906இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் முன்னின்று நார்ஃபோக்கில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். இவரும் சிறு வயதிலேயே பண்ணை வேலைக்குப் போனவர்தான். அதன் பிறகே கைகள் மெல்ல மெல்ல உயர்ந்தன.

இந்தச் சூழ்நிலையில்தான் 1911இல் ஓர் ஆசிரியத் தம்பதியர் பர்ஸ்டன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். மனைவி ஆனி கேத்தரின் ஹிக்டன் தலைமையாசிரியை. அவரைக் கிட்டி என்று அழைப்பார்கள். கணவர் டாம் ஹிக்டன் துணையாசிரியர். அவர் ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகன். இதற்கு முன் அதே மாவட்டத்தில் வுட் டாலிங் என்னும் ஊரில் அவர்கள் பணியாற்றினார்கள். அங்கே பள்ளி நேரத்தில் பண்ணைக்காரர்கள் பிள்ளைகளை வயல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போவதை எதிர்த்தார்கள். அதனால் நிர்வாகத்தாரோடு பிணக்கு ஏற்பட்டது. பிணக்குத் தீர்வதற்காகவே பர்ஸ்டனுக்கு மாற்றினார்கள். ஆனால் இடம் மாறினால் குணம் மாறிவிடுமா? டாம் இங்கேயும் தொழிலாளர் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். 1913இல் நடந்த ஊர்ச் சபைத் தேர்தலில் அவர் முதலிடம் பெற்று வென்றார். பாதிரியார் சார்ல்ஸ் ஈலண்ட் கடைசி இடத்தில் நின்றார்.

அதன் பிறகு பள்ளியில் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு மழை நாளில், தொலைவிலிருந்து நனைந்து வந்த பிள்ளைகளின் உடைகளை உலர்த்த, நிர்வாகத்தாரின் அனுமதி பெறாமல் கணப்பில் தீ மூட்டினார் தலைமையாசிரியை என்பது ஒரு புகார். நிர்வாகத்தாரிடம் மரியாதைக் குறைவாக நடந்தார் என்பது இன்னொன்று. அனாதை இல்லத்திலிருந்து வந்து அவ்வூரில் வளர்ந்த பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தார் என்பது மற்றொன்று. இதைக் கிட்டி அறவே மறுத்தார். மாவட்டக் கல்விக் குழு விசாரித்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் வேலை நீக்க உத்தரவு வந்தது.

கிட்டி அம்மையார் வளைந்து கொடுக்கும் இயல்பினர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலிடத்தாரிடம் நயமாகப் பேசிக் காரியம் சாதிக்கும் கலை அவருக்கு வரவில்லை. ஆனால் ஈரத் துணியோடு நடுங்கும் பிள்ளைக்குத் தீ மூட்ட மனு எழுதிப்போட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை, ஆசிரியத் தொழில் செய்யும் எவராலும் ஏற்றுக்கொள்ள முடியாது. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கும் கடமையை நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. அந்தக் காலத் தோட்ட ஆசிரியர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரிந்த ஒன்றுதான். கிராணி வேலையையும் சேர்த்துப் பார்த்த ஆசிரியர் பலர். துரையின் முகம் பார்த்துத்தான் எல்லாம் நடந்தது.

சரி, பர்ஸ்டனுக்கு வருவோம். ஏப்ரல் முதல் தேதி காலை புதிய ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் வெளியே கூடினார்கள். பள்ளியின் 72 மாணவர்களில் 66 பேர், தங்கள் ஆசிரியர்களைத் திரும்பக் கொடுங்கள் என்று எழுதிய அட்டைகளையும் கொடிகளையும் ஏந்தி, பள்ளி வாசலைக் கடந்து 'மெழுகுவத்தித் தண்டு' பாதையில் நடந்தார்கள். முன்னின்று நடத்தியவள் வயலெட் பாட்டர் என்ற 13 வயதுச் சிறுமி. பெற்றோர்கள் முன்னதாகவே திடலில் கூடிப் பேசி, பிள்ளைகளின் பக்கம் நிற்பதென்று முடிவு செய்திருந்தார்கள்.

பெரியவர்களின் சண்டையில் பிள்ளைகளை இழுக்கலாமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. பள்ளியைப் புறக்கணிப்பது எளிது. பிள்ளை ஒரு வாரம் வீட்டிலிருந்தால் அடுத்த வாரம் வயலுக்குப் போய்விடும். பர்ஸ்டன் மக்கள் அப்படி விடவில்லை. ஊர்த் திடலிலேயே ஹிக்டன் தம்பதியர் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். வீடுகளிலிருந்து நாற்காலி வந்தது, மேசை வந்தது, முக்காலி வந்தது. பள்ளி வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஆசிரியர்களுக்கு ஊரார் தங்க இடம் தந்தார்கள். அரசாங்கப் பள்ளியில் ஆறே ஆறு பிள்ளைகள் எஞ்சினர்.

பெற்றோர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தவறினார்கள் என்று முதல் தவணையில் 18 பேருக்குத் தலைக்கு இரண்டரை ஷில்லிங் அபராதம் விதித்தது நீதிமன்றம். வாரக் கூலியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோறு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திடலில் கூட்டம் போட்டு, வந்தவர்களிடம் பணம் திரட்டி அபராதத்தைக் கட்டினார்கள். பிறகு வழக்குகள் நின்றுபோயின. ஏனென்றால் பிள்ளைகள் கல்வி பெறுகிறார்கள் என்பது கண்கூடு. எந்தப் பள்ளியில் பெறுவது என்பது பெற்றோர் விருப்பம்.

பாதிரியாரும் சும்மா இருக்கவில்லை. தேவாலய நிலத்தில் குத்தகைக்கு இருந்து, ஆசிரியர்களை ஆதரித்த குடும்பங்களுக்கு நிலத்தைவிட்டு வெளியேற நோட்டீஸ் கொடுத்தார். இதில் நட்டப்பட்டவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களின் பெயர்கள் விழா மேடைகளில் அதிகம் கேட்பதில்லை. தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டவர்களுக்காக மெதடிஸ்ட் சமயத்தார் அதே திடலில் ஞாயிறு வழிபாடு நடத்தினார்கள். இப்படி ஒரே புல்வெளி வகுப்பறையாகவும், வழிபாட்டு இடமாகவும், சங்கக் கூட்ட மேடையாகவும் ஆயிற்று.

குளிர்காலம் வந்தபோது புல்வெளியில் உட்கார முடியாது. ஊர்த் தச்சுப் பட்டறை ஒன்றுக்குப் பள்ளி மாறியது. இதற்கிடையில் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள், இரயில்வே தொழிலாளர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் பணம் அனுப்பின. தொழிற்கட்சித் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி போன்றவர்கள் நேரில் வந்து பேசினார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது; பண்ணைகளில் ஆள் பற்றாக்குறை. அதனால் தொழிலாளியை எளிதில் வேலையிலிருந்து தள்ள முடியவில்லை. ஊராரின் ஒற்றுமையை மட்டும் போற்றிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

திரட்டிய பணத்தைக் கொண்டு திடலின் ஓரத்திலேயே செங்கல்லில் புதிய பள்ளிக்கூடம் எழுந்தது. 1917ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி திறப்பு விழா. திறந்து வைத்தது மந்திரியோ பிரபுவோ அல்ல. ஊர்வலத்தை முன்னின்று நடத்திய அதே வயலெட் பாட்டர். கட்டடத்தின் முகப்புச் சுவரில், நன்கொடை கொடுத்த சங்கங்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கிப் பதித்தார்கள். இன்றும் அவற்றைப் படிக்கலாம். நம் கோயில் தூண்களில் உபயகாரர் பெயர் இருப்பதைப் போல.

ஹிக்டன் தம்பதியருக்கு அரசாங்கப் பள்ளி வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அவ்வகையில் பார்த்தால் பிள்ளைகள் கேட்டது நிறைவேறவில்லை. ஆனால் அந்தச் சிறு பள்ளி, நன்கொடையை நம்பியே, 25 ஆண்டுகள் நடந்தது. ஊர்வலம் போன பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளை அனுப்பும் அளவுக்கு நீண்ட காலம் அது. இங்கிலாந்து வரலாற்றிலேயே மிக நீண்ட வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். 1939 ஆகஸ்டில் டாம் காலமானார். முதுமையடைந்த கிட்டியால் தனியே நடத்த முடியவில்லை. பள்ளி மூடப்பட்டது; எஞ்சியிருந்த பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குப் போனார்கள். 1946இல் கிட்டியும் மறைந்தார்.

கட்டடம் மட்டும் இடிபடவில்லை. 1949இல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு அது வந்தது. இன்று அது காட்சிசாலையாகவும் ஊர் மக்கள் கூடும் இடமாகவும் இருக்கிறது. பழைய புகைப்படங்கள் அங்கே இருக்கின்றன. அட்டைகளைப் பிடித்து நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் பயமும் பெருமையும் சேர்ந்தே தெரியும். காலணி பெரிதாக இருக்கிறது, அண்ணனுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும்.

செப்டம்பர் கூட்டத்துக்கு வருபவர்கள் திடலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தை அடையலாம். பாதிரியார் ஈலண்ட் உபதேசம் செய்த அதே தேவாலயம்தான். டாம், கிட்டி இருவருடைய கல்லறைகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.