கரி பஸ் சொல்லும் கணக்கு

புதிதாகக் கார் வாங்கியவரைப் பார்த்து நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மைலேஜ் கொடுக்கிறது?" என்பதுதான். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து வெகு காலமாயிற்று. காலன் போய் லிட்டரும் வந்துவிட்டது. மைலேஜ் என்ற வார்த்தை மட்டும் நம் நாக்கை விட்டுப் போக மறுக்கிறது. 'கொடுக்கிறது' என்று சொல்வதையும் கவனிக்க வேண்டும். பசு பால் கொடுப்பது போல வண்டி மைலைக் கொடுக்கிறதாம்! என்ன தீனி போட்டோம், யார் கறந்தார்கள் என்பதை எல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

திருச்சி காந்தி மார்க்கெட் வியாபாரியிடம் இப்படிப் பேசினால் சிரிப்பார். 1868-ல் கட்டப்பட்டு 1927-ல் விரிவாக்கப்பட்ட அந்த மார்க்கெட்டில் தலைமுறை தலைமுறையாகத் தராசு பேசிக் கொண்டிருக்கிறது. சாக்கோடு நிறுத்தால் ஓர் எடை. சாக்கைக் கழித்தால் வேறோர் எடை. அழுகலை ஒதுக்கினால் இன்னும் கொஞ்சம் குறையும். கடைசியில் மிஞ்சுவதுதான் சரக்கு. அதற்குத்தான் காசு.

மார்க்கெட்டின் பக்கத்திலேயே நேர்மையான கணக்கு ஒன்று கல்லில் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தின் நினைவுச் சின்னம் அது. இவ்வூரிலிருந்து 302 பேர் யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. போனது எவ்வளவு, திரும்பாதது எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வைத்த அந்த மனிதரை மனசுக்குள் கும்பிடத் தோன்றும்.

இரண்டாம் உலக யுத்தம் நம் ஊர்களுக்கு வேறு விதமாக வந்து சேர்ந்தது. அது கரிப் புகையாக வந்தது.

1941-ல் இந்தியாவில் பெட்ரோல் ரேஷன் அமுலுக்கு வந்தது. மோட்டார் வைத்திருந்தவர்கள் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு காலன் கணக்கில் ஏங்கினார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைப் பிரிட்டிஷார் தாங்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மாவில் பிழைக்கப் போன தமிழர்கள் கால்நடையாகக் காடு மலை தாண்டி ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள். நம் நாட்டுக்கு எண்ணெய் வந்து கொண்டிருந்த வழியும் அதுதான். மனிதர்களாவது நடந்து வந்தார்கள், எண்ணெய் வரவில்லை.

பஸ் நின்றால் ஊர் நின்றுவிடும். 1912-லேயே பஸ் விடத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி, பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி வாயுவில் மோட்டாரை ஓட்டும் சாதனத்தைத் தானே தயாரித்து விற்றது. யோசனை புதிது அல்ல. பிரான்ஸில் ஜார்ஜ் அம்பேர் என்பவர் 1920-களிலேயே விறகு வாயுவில் வண்டி ஓட்டும் அடுப்பை உருவாக்கியிருந்தார். யுத்தம் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் இந்த விதமாக ஓடியதாகச் சொல்வார்கள்.

அந்த பஸ்ஸின் பின்புறம் பீப்பாய் மாதிரி ஓர் உலை தொங்கும். அதில் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, கைப்பிடியைச் சுழற்றிக் காற்று ஊத வேண்டும். ஊதுகிற காற்று போதாமலும் இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். கரி முழுதாக எரிந்தால் எதற்கும் உதவாத வாயுவாகிவிடும். அரைகுறையாக எரிந்தால்தான் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு கிடைக்கும். அது மறுபடி எரியக் கூடியது. அதைக் குளிர வைத்து, சாம்பலை வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்பினால் வண்டி நகரும். சாவியைத் திருகியதும் புறப்படுகிற சமாசாரம் அல்ல. பதினைந்து நிமிஷமாவது கிளீனர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். டிரைவர் வருவதற்குள் அவனுக்கு ஒரு நாள் வேலை முடிந்திருக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி வேண்டியிருந்தது. கரி மலிவு. ஆகவே காகிதத்தில் கணக்குப் போட்டவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ரோடு காகிதம் அல்லவே! கரி வாயுவில் பாதிக்கு மேல் காற்றிலுள்ள நைட்ரஜன்தான், எரியாத சரக்கு. அது எஞ்சினுக்குள் இடத்தை அடைத்துக் கொள்வதால், பெட்ரோலில் கிடைத்த சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு முதல் பாதி வரை போய்விடும். சமதரையில் எப்படியோ ஓடும். மேடு வந்தால் கண்டக்டரின் குரல் கேட்கும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, வண்டியையும் தள்ளிய அந்தப் புண்ணியவான்களின் உழைப்பு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது?

இன்னும் இரண்டு செலவுகள் உண்டு. கரிக்காக வெட்டப்பட்ட மரங்கள் ஒன்று. கிளீனர்களின் மூச்சு மற்றொன்று. எஞ்சினை ஓட்டிய அதே வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. சுவாசித்தால் ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக் கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், மீறினால் மரணம். பெட்ரோல் மிச்சமானது வாஸ்தவம். அந்த மிச்சத்தின் விலையைப் பஸ் முதலாளி மட்டும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது காலம் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. மூச்சுக்குத் திணறிய கரி பஸ்ஸுக்கு நேர் எதிரான எஞ்சின் வந்திருக்கிறது. டர்போ என்று இளைஞர்கள் ஆசையோடு சொல்கிறார்கள். ஆல்பிரட் பூச்சி என்ற ஸ்விஸ் எஞ்சினியர் 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியே வீணாகப் போகிற புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக் கொண்டே எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் யுக்தி. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2021-ல் விற்பனைக்கு வந்த ஐ20 என் லைன் காரின் எஞ்சின் ஒரு லிட்டர் அளவுதான். அது தருவதோ சுமார் 120 குதிரைச் சக்தி. ஒன்றரை லிட்டர் எஞ்சின் வைத்திருந்த பழைய அம்பாஸிடர் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

எஞ்சின் சின்னது, ஆகையால் தீனியும் குறைவு என்று நினைப்பது இயற்கை. மெதுவாகப் போகிற வரையில் அது உண்மையே. ஆனால் அதிகக் காற்று உள்ளே போனால் அதற்கேற்ற பெட்ரோலும் போயாக வேண்டும். காலை அழுத்தினால் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் பசியோடு சாப்பிடும். மிகவும் அழுத்தினால், உள்ளே சூடு மிஞ்சாமலிருக்கத் தேவைக்கு மேலும் பெட்ரோலைத் தெளித்துக் குளிர வைக்கிற வழக்கமும் டர்போ எஞ்சின்களில் உண்டு.

அப்படியானால் விளம்பரத்தில் போடுகிற மைலேஜ் பொய்யா? பொய் அல்ல, சாக்கோடு நிறுத்த எடை. இந்தியாவில் பல ஆண்டுகளாக நடந்து வந்த சோதனையில் வண்டி உருளைகளின் மேல் ஓடும். வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. குளிர்சாதனம் ஓடாது. மாட்டு வண்டியும் குறுக்கே வராது. ஐரோப்பாவில் இதைப் போன்ற சோதனைக்கும் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆராய்ந்தார்கள். 2001-ல் சுமார் 9 சதவீதமாக இருந்த இடைவெளி, 2015-ல் 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வண்டிகள் சோதனைக்கென்றே சாமர்த்தியசாலிகளாகிவிட்டன. பிறகு 2017-ல் அங்கே சோதனை முறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

நம்முடைய சோதனைக்கூடம், காந்தி மார்க்கெட்டிலிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போகிற வழி. மூட்டை இறக்குகிற லாரிக்கு நிற்க வேண்டும். கைவண்டிக்கு ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும், பெட்ரோலை எரித்துச் சம்பாதித்த வேகம் வெறும் சூடாகிக் காற்றில் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இப்படிப் போகிற நஷ்டம் நான்கு மடங்கு. முன்னால் நெரிசல் தெரிந்தும் பாய்ந்து போய் நிற்கிறவருக்கும், தூரத்திலேயே காலைத் தளர்த்துகிறவருக்கும் ஒரே கார் இரண்டு கார்களாகிவிடும்.

உண்மையை அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. டாங்கியை நிரப்பி, ஓடின தூரத்தைக் குறித்துக் கொண்டு, சில நூறு கிலோமீட்டருக்குப் பின் மறுபடி நிரப்பி வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை போதாது. நாலைந்து தடவையாவது செய்ய வேண்டும். வருகிற எண் விளம்பர எண்ணைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அதில் வண்டியின் பங்கு எவ்வளவு, ரோட்டின் பங்கு எவ்வளவு, நம் காலின் பங்கு எவ்வளவு என்று கழித்துப் பார்க்க மார்க்கெட் வியாபாரியின் பொறுமை வேண்டும்.

கரி பஸ்ஸை ஓட்டியவர்களுக்கு இந்தச் சந்தேகம் இருந்திருக்காது. மேடு வந்ததும் இறங்கித் தள்ளினார்களே, ஒரு மைலின் விலை என்ன என்பது அவர்கள் தோளுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரிவதெல்லாம் பங்கில் ஓடுகிற எண்கள் மட்டுமே.