அயன் திரவங்களின் வரலாறும் பயன் என்னும் அளவுகோலும்

விஞ்ஞான வரலாற்றை எழுதப் புகுவோர் அதனைக் கண்டுபிடிப்புக்களின் அணிவகுப்பாகக் காட்டுவதே பெருவழக்கு. ஒருவர் கண்டார், உலகம் பயன்பெற்றது என்ற அளவில் அக்கதை நிறைவெய்திவிடும். ஆனால் கண்ட பொருள் பல்லாண்டுகளாக எவ்விதப் பயனுமின்றி ஆய்வேடுகளுள் உறங்கிக் கிடந்ததாயின் அதனை வரலாறு எங்ஙனம் மதிப்பிடுதல் வேண்டும்? மின்சக்தியைச் சேமிக்கும் பொருள்கள் பற்றிய ஆராய்ச்சியிலே இன்று அடிக்கடி பேசப்படும் அயன் திரவங்களின் வரலாறு இவ்வினாவையே எழுப்புகின்றது.

உப்பு என்றதும் திண்மமான பளிங்கே எவர் நினைவிலும் தோன்றும். உப்பினுள் நேரேற்றமும் எதிரேற்றமும் கொண்ட துணிக்கைகள் ஒன்றையொன்று வலிமையாகக் கவர்ந்து நிற்பதால் அதனை உருக்குதற்குப் பெருவெப்பம் வேண்டும். கறியுப்பு 801 பாகை செல்சியசில் உருகும். 1800ஆம் ஆண்டில் வோல்ட்டா மின்னடுக்கை அமைத்த பின்னர், 1807ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அம்பிரி டேவி உருகிய காரங்களினூடாக மின்னைச் செலுத்திப் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அவருடைய உதவியாளராயிருந்து பேரறிஞராக உயர்ந்த மைக்கேல் பரடே 1834ஆம் ஆண்டில் மின்னைச் சுமந்து செல்லும் இத்துணிக்கைகளுக்கு அயன் என்று பெயர் வழங்கினார். செல்வது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அயன்களைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் நீர்க்கரைசல்களிலேயே நிகழ்ந்தது. உருகிய உப்பு உலைக்குரிய பொருளாகவே கருதப்பட்டது.

இந்நிலையிலேயே போல் வால்டன் தோன்றுகின்றார். 1863ஆம் ஆண்டில் இன்றைய இலத்துவியாவிலே பிறந்த அவர், அப்போது உருசியப் பேரரசின் பகுதியாயிருந்த றீகா நகரின் பல்தொழினுட்பக் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கினார். நீரின் தலையீடின்றி, உப்பு தனித்து நிற்கையில், அதன் மின்கடத்துதிறனுக்கும் மூலக்கூற்றுப் பருமனுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே அவரெழுப்பிய வினா. மிகையான வெப்பநிலையில் அளவீடு செய்வது கடினமாதலால், ஏறக்குறைய 100 பாகைக்குட்பட்ட வெப்பநிலையில் உருகும் உப்புக்களை அவர் தேடினார். 1914ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஏறத்தாழ 12 பாகையிலேயே உருகும் எதைலமோனியம் நைத்திரேற்று இடம்பெற்றது. அறையின் வெப்பநிலையிலே திரவமாயிருக்கும் உப்பு அது. ஆயினும் அவருக்கு அது விந்தைப்பொருளன்று. வினாவொன்றுக்கு விடைதரும் கருவியே.

அதே ஆண்டில் உலகப்போர் மூண்டது. 1919ஆம் ஆண்டில் வால்டன் தாயகம் நீங்கி யேர்மனியின் ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்தை அடைந்தார். பிற்காலத்தில் இரசாயனவியலின் வரலாற்றை எழுதுவதிலும் ஈடுபட்ட அவர் 1957ஆம் ஆண்டில் மறைந்தார். பிறருடைய கண்டுபிடிப்புக்களின் வரலாற்றை வரைந்த அவருடைய திரவத்துக்கு அவர் வாழ்ந்த காலத்தில் வரலாறு என்று ஒன்று உருவாகவில்லை.

அத்திரவம் மீண்டும் பேசப்படுவதற்கு முன்னர் வேறொரு திசையிலிருந்து இத்துறை வளர்ந்தது. 1951ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தில் ஏர்லி, வியர் ஆகிய இருவரும் அலுமினியங் குளோரைட்டுடன் சேதன உப்பொன்றைக் கலந்து, அறைவெப்பநிலையிலேயே அலுமினிய முலாம் பூசுதற்கேற்ற திரவத்தைப் பெற்றனர். இதனைத் தொடர்ந்து வளர்த்தது சந்தையன்று, படைத்துறையே. ஏவுகணைகளிற் பயன்பட்ட வெப்ப மின்கலங்களின் மின்பகுபொருள் 350 பாகைக்கு மேலேயே உருகுவதாயிருந்தமையால், அவ்வெப்பம் அருகிலுள்ள பாகங்களைத் தாக்கியது. தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் உப்பைத் தேடும் பணியைக் கொலராடோவிலுள்ள அமெரிக்க வான்படைக் கல்விக்கழகம் 1960களில் மேற்கொண்டது. அத்தேட்டத்தின் பயனாக 1982ஆம் ஆண்டில் இமிடசோலியம் என்னும் பெரிய, சமச்சீரற்ற அயனைக் கொண்ட திரவங்களை யோன் வில்க்சும் அவர்தம் குழுவினரும் அறிமுகப்படுத்தினர். இத்தகைய அயன்கள் பளிங்கினுள் நெருங்கி அடுக்கப்படுதற்கு இசையா. எனவே உப்பு திண்மமாகாது திரவமாகவே நிற்கின்றது.

எனினும் அலுமினியங் குளோரைட்டைக் கொண்ட திரவங்கள் ஈரம் பட்டதும் சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தைத் தோற்றுவித்தன. 1992ஆம் ஆண்டில் வில்க்சும் சவொரொட்கோவும் வளியிலும் நீரிலும் நிலைத்து நிற்கும் திரவங்களைத் தயாரித்த பின்னரே எந்த ஆய்வுகூடத்திலும் இவற்றைக் கையாளுதல் எளிதாயிற்று. ஆராய்ச்சிகள் பெருகின. அப்போதுதான் புதிய துறைக்கு முன்னோர் ஒருவர் தேவைப்பட்டார். 1914ஆம் ஆண்டுக் கட்டுரை தொடக்கமாக நிறுவப்பட்டது. வால்டன் குறித்த 100 பாகையே அயன் திரவங்களின் வரைவிலக்கண எல்லையுமாயிற்று. முன்னோரை வழித்தோன்றல்களே தெரிவுசெய்கின்றனர் என்னும் வரலாற்றுண்மை அரசமரபுகளுக்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் பொருந்துவதாகும்.

இதற்கிடையே மின்சேமிப்புத் துறையும் தன்வழியே வளர்ந்தது. 1970களில் விற்றிங்காமும், 1980ஆம் ஆண்டில் குடினவும், 1985ஆம் ஆண்டில் யப்பானின் யொசினோவும் ஆற்றிய பணிகளின் மீது எழுந்த இலிதியம் அயன் மின்கலம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மூவரும் 2019ஆம் ஆண்டில் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் அம்மின்கலங்களிற் பெருவழக்காகவுள்ள மின்பகுபொருள் எளிதில் தீப்பற்றும் சேதனக் கரைப்பானையே கொண்டது. அறைவெப்பநிலையில் ஆவியாதல் மிகக் குறைவாயும் எளிதில் எரியாதனவாயுமுள்ள அயன் திரவங்களை ஆய்வாளர் நாடியமைக்கு இதுவே காரணம்.

அவர்தம் நம்பிக்கை முற்றாக நிறைவேறிற்று எனக் கூறுதல் வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும். அயன் திரவங்கள் தடித்தவை. அவற்றினூடு இலிதியம் அயன் மெல்லவே நகரும். விலையும் மிகுதி. சூழலுக்கு ஊறுசெய்யாத பசுமைக் கரைப்பான்கள் என்று அவை புகழப்பட்டன. ஆனால் அவற்றுட் சில நீருயிர்களுக்கு நஞ்சாதலும், புளோரின் கொண்ட சில சிதைந்து ஐதரசன் புளோரைட்டைத் தருதலும் பின்னர் அறியப்பட்டன. ஆவியாகாமை ஒன்றே தூய்மைக்குச் சான்றன்று. பயனற்றதென ஒதுக்கியதிற் காட்டிய அவசரத்தையே பயனுடையதெனப் போற்றியதிலும் உலகம் காட்டியது.

ஆயினும் தேடல் நின்றபாடில்லை. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் அலுமினியத்தையும் காரீயத்தையும் மின்வாய்களாகக் கொண்ட மின்கலத்தை வெளியிட்டனர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மின்னேற்றத்தக்க அது 7,500 முறைக்கு மேல் மின்னேற்றியும் தளராது நின்றது. ஆயினும் ஏறக்குறைய 2 வோல்ற்றே தருவதாகையால், இலிதியம் மின்கலத்துக்கு ஈடாக அது நிற்கவில்லை. அதன் மின்பகுபொருள் யாது? அலுமினியங் குளோரைட்டையும் இமிடசோலியம் உப்பையும் சேர்த்துப் பெற்ற திரவமே. 1951ஆம் ஆண்டில் முலாம் பூசுதற்கெனத் தோன்றிய குடும்பத்தின் வாரிசு, ஈரத்துக்கு ஆற்றாதென 1992ஆம் ஆண்டின் பின்னர் பலரால் ஒதுக்கப்பட்ட அதே வகை, அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் புதிய பணியேற்று நின்றது.

இவ்வரலாறு பல்கலைக்கழகங்களுக்கு உணர்த்துவது யாது? ஆராய்ச்சிக்குரிய பணம் குறுகும் நாடுகளிலே, இதனால் நாட்டுக்கு உடனே விளையும் பயன் யாது என்ற வினாவே முதலிற் கேட்கப்படுகின்றது. வறிய நாடொன்று அதனைக் கேட்பதிற் குற்றமில்லை. ஆனால் அஃதொன்றே அளவுகோலாயிருப்பின் 1914ஆம் ஆண்டில் வால்டனின் பணி தேறியிராது. கொலராடோவின் பணி தேறியிருக்கும், போர்த்தேவை பயனாகக் கொள்ளப்பட்டமையால். பயன் என்பது பொருளினுள் உறைவதன்று. அதனைத் தேடும் காலமும் அதற்குப் பணம் அளிக்கும் கையும் சேர்ந்தே அதனை வகுக்கின்றன. வால்டன் விட்டுச்சென்றது மின்கலமன்று. செம்மையாகக் கேட்கப்பட்ட ஒரு வினாவும், நேர்மையாக அளந்து பதிவுசெய்யப்பட்ட விடையுமே அவர் விட்டுச்சென்றவை. பின்வந்தோர் மீளவும் எடுத்தாளக்கூடியதாய் எஞ்சியிருந்தது அதுவேயாகும்.